டிரம்ப் மீதான 2020 செனட் விசாரணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்பை 2020 ஜனவரி, பிப்ரவரியில் செனட் சபை விசாரித்து விடுவித்தது. அந்த மூன்று வாரங்களில் இரு கட்சிகளும் எப்படிக் காய் நகர்த்தின, ஏன் அப்படி வாதாடின என்று பலரும் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டப் பாடம் நடத்துவதாக உத்தேசம் இல்லை. அரசியலைத்தான் பார்க்கப் போகிறோம்.

இம்பீச் செய்துவிட்டார்கள் என்றால் பதவி போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. பிரதிநிதிகள் சபை இம்பீச் செய்வது என்பது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது மாதிரி. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். அங்கே வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் பதவி பறிபோகும். 100 பேரும் வந்திருந்தால் 67 ஓட்டு வேண்டும். அமெரிக்க வரலாற்றில் எந்த அதிபரும் இந்த வழியில் பதவி இழந்ததில்லை. நிக்சனைச் சிலர் சொல்வார்கள்; அவர் மீது முழுச் சபை வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே 1974 ஆகஸ்ட் 9 அன்று ராஜினாமா செய்துவிட்டார்.

டிரம்ப் மீது என்னதான் குற்றச்சாட்டு?

2019 ஜூலை 25 அன்று உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியுடன் டிரம்ப் தொலைபேசியில் பேசினார். ஆயுத உதவி பற்றிய பேச்சு வந்ததும், எங்களுக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்று ஆரம்பித்து, ஜோ பைடனையும் அவர் மகன் ஹன்டரையும் பற்றி விசாரிக்கும்படி கேட்டார். ஹன்டர், புரிஸ்மா என்ற உக்ரைன் எரிவாயு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். அந்த நேரத்தில் உக்ரைனுக்குப் போக வேண்டிய சுமார் 39 கோடி டாலர் ராணுவ உதவியை வெள்ளை மாளிகை நிறுத்தி வைத்திருந்தது. அரசுக்குள் இருந்த ஒருவர் இதைப் பற்றி ஆகஸ்டில் புகார் எழுதினார். செப்டம்பர் 11 அன்று பணம் விடுவிக்கப்பட்டது.

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, அதிகாரத்தைச் சொந்தத் தேர்தல் லாபத்துக்குப் பயன்படுத்தினார். இரண்டு, நாடாளுமன்ற விசாரணைக்கு ஆட்களையும் ஆவணங்களையும் தராமல் தடுத்தார். டிசம்பர் 18 அன்று முதலாவது 230-197 என்றும், இரண்டாவது 229-198 என்றும் நிறைவேறின. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரரான ஜெஃப் வான் ட்ரூ அப்படியே குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டார்.

செனட்டில் 67 கிடைக்காது என்று முதல் நாளே தெரியுமே. அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

இந்தக் கேள்விதான் முக்கியம். குடியரசுக் கட்சிக்கு 53 பேர். ஜனநாயகக் கட்சிக்கு, கூட உட்காரும் இரண்டு சுயேச்சைகளையும் சேர்த்து, 47. எதிர்முகாமிலிருந்து 20 பேரை இழுக்க வேண்டும். நடக்கிற காரியமா?

அதனால் இரு கட்சிகளுமே 67 என்ற எண்ணை மறந்துவிட்டு 51 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஏனென்றால் விசாரணை எப்படி நடக்க வேண்டும், எத்தனை நாள், சாட்சிகளை அழைக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்யச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நான்கு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இந்தப் பக்கம் வந்தால் சாட்சிகள் வருவார்கள், தினமும் புதுச் செய்தி வரும், தேர்தல் ஆண்டில் அது டிரம்பைத் துரத்தும். அந்த நான்கு பேர் வராவிட்டால் இரண்டு வாரத்தில் கடையை மூடிவிடலாம். சூசன் காலின்ஸ், மிட் ரோம்னி, லிசா மர்கோவ்ஸ்கி, லாமர் அலெக்ஸாண்டர். மூன்று வாரமும் எல்லாக் கேமராவும் இந்த நான்கு பேர் பின்னால்தான் ஓடின.

என் கணக்கில் உண்மையான தீர்ப்பு பிப்ரவரி 5 அன்று வரவில்லை. சாட்சிகள் வேண்டாம் என்று முடிவான ஜனவரி 31 வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி தீர்மானத்தை நான்கு வாரம் கையிலேயே வைத்திருந்தது ஏன்?

பேரம் பேசத்தான். சபை நிறைவேற்றிய தீர்மானத்தைச் செனட்டுக்கு அனுப்பினால்தான் விசாரணை ஆரம்பமாகும். சாட்சிகளுக்கு உத்தரவாதம் கொடுங்கள், அனுப்புகிறேன் என்பது அவருடைய நிலை. செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அசையவே இல்லை. தாராளமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

பெலோசிக்கு இதில் என்ன கிடைத்தது? விதிமுறை விஷயத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நேரம் கிடைத்தது. அந்த இடைவெளியில்தான், ஜனவரி 6 அன்று, முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன், செனட் அழைப்பாணை அனுப்பினால் சாட்சி சொல்லத் தயார் என்றார். ராணுவ உதவியை நிறுத்தியது சட்டத்துக்குப் புறம்பானது என்று நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அமைப்பு, தீர்மானம் செனட்டுக்குப் போன மறுநாளான ஜனவரி 16 அன்று சொன்னது.

இழப்பும் உண்டு. நாட்டுக்கு ஆபத்து, அவசரம் என்று சொல்லி டிசம்பரில் நிறைவேற்றிவிட்டு, பிறகு நான்கு வாரம் பூட்டி வைத்தால் அவசரம் எங்கே போனது என்று எதிர்த்தரப்பு கேட்காதா? கேட்டார்கள். ஜனவரி 15 அன்று அனுப்பும்போது ஒரு கையெழுத்தைப் பல பேனாக்களால் துண்டு துண்டாகப் போட்டு, பேனாக்களை நினைவுப் பொருளாக விநியோகித்தார். முக்கியமான மசோதாக்களில் கையெழுத்திடும்போது அங்கே இது வழக்கம்தான். ஆனாலும், துக்கமான கடமை என்று சொல்லிக்கொண்டு கொண்டாட்டமா என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பேனாத் தட்டு தேவையே இல்லாத வேலை.

"நான் நடுநிலையான ஜூரர் இல்லை" என்று மெக்கானல் வெளிப்படையாகச் சொன்னாரே, அது சரியா?

சொன்னார், 2019 டிசம்பர் 17 அன்று. அதற்குச் சில நாள் முன்பு, வெள்ளை மாளிகை வழக்கறிஞர்களோடு முழு ஒருங்கிணைப்பில் வேலை செய்வதாகத் தொலைக்காட்சியிலும் சொல்லியிருந்தார். பிறகு ஜனவரி 16 அன்று, நடுநிலையாக நீதி வழங்குவேன் என்று மற்ற எல்லாரோடும் கையைத் தூக்கிச் சத்தியப்பிரமாணம் எடுத்தார்.

அவர் வாதம் இது: இம்பீச்மெண்ட் அரசியல் நடவடிக்கை, நீதிமன்றம் இல்லை, பிரதிநிதிகள் சபை கட்சி வாரியாக முடிவெடுத்தது, செனட்டும் அப்படித்தான் எடுக்கும். கேட்கக் கசப்பாக இருந்தாலும் மற்றவர்கள் மனதில் வைத்திருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். எதிரணியின் எலிசபெத் வாரனும் பெர்னி சாண்டர்ஸும் திறந்த மனதோடு உட்கார்ந்திருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஆனால் சபையை நடத்துகிற தலைவரே பிரதிவாதியின் வக்கீலோடு கூடிப் பேசுவது வேறு ரகம். அவர் கட்சியின் மர்கோவ்ஸ்கியே அது தன்னைச் சங்கடப்படுத்தியதாகச் சொன்னார்.

முதல் நாள் விடிய விடியச் சண்டை நடந்ததாமே?

ஜனவரி 21. மெக்கானல் கொண்டுவந்த விதிமுறைத் தீர்மானத்தில், ஒவ்வொரு தரப்புக்கும் 24 மணி நேரம், அதை இரண்டே நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு ஆரம்பிக்கிற சபையில் நாளைக்குப் 12 மணி நேரம் பேசினால் வாதம் நள்ளிரவைத் தாண்டும், யார் தொலைக்காட்சி பார்ப்பார்கள்? காலின்ஸ் உள்ளிட்ட சொந்தக் கட்சிக்காரர்களே முனகினார்கள். கடைசி நேரத்தில் இரண்டு நாள் என்பதை அடித்து மூன்று நாள் என்று கையாலேயே எழுதிய தாள் சபைக்கு வந்தது. மூன்று வாரத்தில் மெக்கானல் கண்ணுக்குத் தெரிய இறங்கி வந்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்புறம் சிறுபான்மைத் தலைவர் சக் ஷூமர் வரிசையாக 11 திருத்தங்கள் கொண்டுவந்தார். வெள்ளை மாளிகை ஆவணம் வேண்டும், வெளியுறவுத் துறை ஆவணம் வேண்டும், வெள்ளை மாளிகையின் தற்காலிகத் தலைமை அலுவலர் மல்வேனி வர வேண்டும், போல்டன் வர வேண்டும்... பதினொன்றும் தோற்றன. தோற்கும் என்று ஷூமருக்குத் தெரியும். நவம்பரில் தேர்தலைச் சந்திக்க இருந்த கொலராடோவின் கோரி கார்ட்னர், அரிசோனாவின் மார்த்தா மெக்சாலி போன்றவர்கள் ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்று பதிவு செய்ய வேண்டும், அதைப் பிரசார விளம்பரத்தில் போட வேண்டும் என்பதுதான் திட்டம். சபை கலையும்போது அதிகாலை இரண்டு மணி ஆகப் போகிறது.

விசாரணைக்குத் தலைமை வகித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் வெறும் பொம்மையாகவா உட்கார்ந்திருந்தார்?

ஏறக்குறைய, அவரே விரும்பித்தான். அந்த முதல் நள்ளிரவில் பிரதிநிதிகள் சபை சார்பில் வாதாடிய ஜெரி நாட்லரும் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் பாட் சிப்பலோனும் தடித்த வார்த்தைகளில் மோதிக்கொண்டபோது இருவரையும் கண்டித்தார். 1905இல் நடந்த ஒரு நீதிபதியின் இம்பீச்மெண்ட் விசாரணையை உதாரணம் காட்டி, இந்தச் சபைக்கென்று ஒரு மரியாதை உண்டு என்றார். புகார் எழுதியவர் என்று கருதப்பட்டவரின் பெயரைச் சொல்லும், குடியரசுக் கட்சி செனட்டர் ரேண்ட் பாலின் கேள்வியைப் படிக்க மறுத்தார்.

50-50 என்று வந்தால் அவர் ஓட்டுப் போடுவாரா என்பது பெரிய ஊகமாக இருந்தது. 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணையில் அப்போதைய தலைமை நீதிபதி சேஸ் இரண்டு முறை அப்படிப் போட்டிருக்கிறார். தேர்ந்தெடுக்கப்படாத, வேறொரு துறையைச் சேர்ந்த நான் முடிவை மாற்றுவது முறையாகாது என்று ராபர்ட்ஸ் சொல்லிவிட்டார்.

போல்டனைக் கடைசிவரை கூப்பிடாமல் விட்டது எப்படி?

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. போல்டன் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் கைப்பிரதியில் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது: பைடன்கள் மீது விசாரணை வரும்வரை உதவியை நிறுத்தி வைக்க விரும்புவதாக டிரம்ப் தன்னிடமே சொன்னார் என்கிறார் போல்டன். அதுவரை டிரம்ப் தரப்பின் பெரிய பலம், நேரடியாகக் கேட்டவர் யாரும் இல்லை என்பது. ஒரே நாளில் அது ஆட்டம் கண்டது. திங்கட்கிழமை காலையில் நான்கு ஓட்டு கிடைத்துவிடும் போல இருந்தது.

மெக்கானல் தரப்பு மூன்று திசையில் தடுப்புப் போட்டது. முதலில் பண்டமாற்று: போல்டன் வந்தால் ஹன்டர் பைடனும் வர வேண்டும். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி நடக்கும்போது முன்னணியில் இருப்பவரின் மகனைக் கூண்டில் ஏற்ற அந்தக் கட்சி சம்மதிக்குமா? சம்மதிக்கவில்லை. இரண்டாவது, நேரம்: வெள்ளை மாளிகை நிர்வாக ரகசியம் என்று நீதிமன்றம் போகும், மாதக்கணக்கில் செனட் முடங்கும் என்ற பயமுறுத்தல். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். போல்டன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், அப்போதும் அது பதவி பறிக்கும் குற்றம் இல்லை என்ற வாதம். இதை ஏற்றுக்கொண்டால் சாட்சியே தேவையில்லை.

அலெக்ஸாண்டருக்கு இந்தக் கயிறு போதுமானதாக இருந்தது. ஜனவரி 30 இரவு அறிக்கை விட்டார். குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது, அதிபர் செய்தது தகாத காரியம், ஆனால் பதவி நீக்கும் அளவுக்குப் போதாது, மக்கள் தேர்தலில் முடிவு செய்யட்டும் என்றார். மறுநாள் சாட்சிகளை அழைக்கும் தீர்மானம் 49-51 என்று தோற்றது. ரோம்னியும் காலின்ஸும் மட்டும் இந்தப் பக்கம் வந்தார்கள். மர்கோவ்ஸ்கி, இந்தச் செனட்டில் நியாயமான விசாரணை நடக்கப் போவதில்லை என்று நொந்துகொண்டே எதிர்த்து ஓட்டுப் போட்டார். நியாயம் நடக்காது என்பதால் சாட்சி வேண்டாம் என்ற அந்தத் தர்க்கத்தை நானும் பல தடவை படித்துப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை.

பிரதிநிதிகள் சபையே முன்பு போல்டனை விசாரித்திருக்கலாமே?

நியாயமான கேள்விதான், குடியரசுக் கட்சி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அழைத்தார்கள், அவர் வரவில்லை, அழைப்பாணை அனுப்பினால் நீதிமன்றம் போவேன் என்றார், இவர்கள் விட்டுவிட்டார்கள். விட்டதற்குக் காரணம் உண்டு. டான் மக்கான் என்ற முன்னாள் வெள்ளை மாளிகை வழக்கறிஞருக்கு 2019 ஏப்ரலில் அனுப்பிய அழைப்பாணை அப்போதும் கோர்ட்டில்தான் கிடந்தது. அவர் கடைசியில் சாட்சி சொன்னது 2021 ஜூனில்! தேர்தலுக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஜனநாயகக் கட்சி வேகத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த வேகத்தையே எதிர்த்தரப்பு ஓட்டையாகக் காட்டியது.

டிரம்பின் வழக்கறிஞர்கள் என்னதான் வாதாடினார்கள்?

பல குரலில் பேசினார்கள். தொலைபேசி உரையாடலில் தப்பே இல்லை என்றார்கள் சிலர். உக்ரைன் ஊழலைப் பற்றித்தான் கவலை என்றார்கள் வேறு சிலர். அதிகம் பேசப்பட்டது ஆலன் டெர்ஷோவிட்ஸ் ஜனவரி 29 அன்று சொன்னது. தான் ஜெயிப்பது நாட்டுக்கு நல்லது என்று அதிபர் நம்பி, அதற்காக ஒன்றைச் செய்தால், அதை வைத்து இம்பீச் செய்ய முடியாது என்ற பொருளில் பேசினார். அப்படிப் பார்த்தால் எந்த அரசியல்வாதிதான் மாட்டுவார்? மறுநாளே, தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று விளக்கம் கொடுத்தார்.

இன்னொரு வேடிக்கை, அந்த அணியில் கென் ஸ்டார் இருந்தது. 1998இல் கிளிண்டனை இம்பீச் செய்யக் காரணமான அறிக்கையை எழுதியவர் அவரேதான். 2020இல் எழுந்து நின்று, இம்பீச்மெண்ட் அடிக்கடி நடக்கிற காலமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

1999இல் இதே ஆட்கள் நேர்மாறாகப் பேசியிருக்கிறார்களாமே?

ஆமாம், இரு பக்கமும். கிளிண்டன் விசாரணையில் பிரதிநிதிகள் சபையின் 13 வழக்காடுநர்களில் லிண்ட்சி கிரஹாமும் ஒருவர். அப்போது சாட்சிகள் கட்டாயம் வேண்டும் என்றவர். 2020இல் செனட்டராக, நான் முடிவு செய்துவிட்டேன், நடுநிலை ஜூரர் என்று நடிக்க மாட்டேன் என்றார். நாட்லர் 1998இல், ஒரு கட்சி மட்டும் ஆதரித்து இன்னொரு கட்சி எதிர்க்கும் இம்பீச்மெண்ட் கூடவே கூடாது என்று எச்சரித்தவர். 2019இல் அப்படியொரு இம்பீச்மெண்டைத்தான் நடத்திக் கொடுத்தார். பெலோசியும் 2019 மார்ச்சில், இரு கட்சி ஆதரவு இல்லாமல் இந்த வழியில் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஒரு வித்தியாசம் உண்டு. 1999இல் செனட்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, விதிமுறைகளை 100-0 என்று நிறைவேற்றினார்கள். மோனிகா லெவின்ஸ்கி உட்பட மூன்று பேரின் சாட்சியம் வீடியோவில் பதிவானது. 2020இல் விதிமுறையே 53-47.

கொறடா உத்தரவு போட்டா இப்படி ஒட்டுமொத்தமாக ஓட்டுப் போட்டார்கள்?

கொறடா உண்டு, ஆனால் நம் ஊர் போலக் கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது. கட்சியை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகாது. பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அடுத்த தேர்தலில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. தொகுதியின் கட்சி ஆதரவாளர்கள் பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். டிரம்ப் ஒரு ட்வீட் போட்டால் அங்கே டெபாசிட் ஆட்டம் காணும். கேலப் கருத்துக்கணிப்பில் தீர்ப்பு நேரத்தில் டிரம்புக்கு ஆதரவு 49 சதவீதம். குடியரசுக் கட்சியினரிடம் மட்டும் 94, ஜனநாயகக் கட்சியினரிடம் 7. இந்த மூன்று எண்களையும் சட்டைப் பையில் வைத்திருக்கும் செனட்டர் எப்படி ஓட்டுப் போடுவார் என்று ஜோசியமா பார்க்க வேண்டும்?

சபைக்குள் நிலைமை எப்படி இருந்தது?

பள்ளிக்கூடம்தான். செல்போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். பேசினால் சிறைத் தண்டனை என்று தினமும் காவல் அலுவலர் உரக்க அறிவிப்பார். தண்ணீரும் பாலும் மட்டும் அனுமதி; பழைய மரபு, சிலர் உண்மையாகவே பால் வாங்கிக் குடித்தார்கள். பென்சில்வேனியா செனட்டர் பாட் டூமியின் மேசையில் மிட்டாய் இருக்கும், அங்கே கூட்டம். ரிச்சர்ட் பர் சக உறுப்பினர்களுக்குக் கையில் சுழற்றும் ஸ்பின்னர் பொம்மைகள் கொடுத்தார். கேள்விகளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் ராபர்ட்ஸ் படிப்பார். கேமராக்கள் செனட்டின் கட்டுப்பாட்டில் இருந்ததால் யார் தூங்கினார்கள் என்பதை மக்கள் பார்க்க முடியவில்லை. பத்திரிகை ஓவியர்கள் வரைந்து காட்டினார்கள்.

அயோவா மாநிலத்தில் பிப்ரவரி 3 அன்று முதல் வேட்பாளர் தேர்வு. போட்டியில் இருந்த சாண்டர்ஸ், வாரன், ஏமி க்ளோபுச்சார், மைக்கேல் பென்னட் நால்வரும் பிரசாரத்தை விட்டுவிட்டு இங்கே மாட்டிக்கொண்டார்கள்.

ரோம்னி ஏன் கட்சியை மீறினார்?

மனசாட்சிப்படி, கடவுள் முன் எடுத்த சத்தியப்பிரமாணம் என்று செனட்டில் குரல் தழுதழுக்கச் சொன்னார். யூட்டா மாநிலத்தில் அவருக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது, 2024 வரை தேர்தலும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே வசதி இருந்த பலர் மீறவில்லையே. முதல் குற்றச்சாட்டில் 48-52, இரண்டாவதில் 47-53. அந்த 48ஆவது ஓட்டு ரோம்னியுடையது. சொந்தக் கட்சி அதிபரைக் குற்றவாளி என்று சொன்ன முதல் செனட்டர் அவர்தான்.

எதிர்த்திசையில் அலபாமாவின் டக் ஜோன்ஸ். டிரம்ப் கோட்டையில் தப்பித் தவறி ஜெயித்த ஜனநாயகக் கட்சிக்காரர். குற்றவாளி என்று ஓட்டுப் போட்டார், நவம்பரில் தோற்றார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இதில் தமிழ்த் தொடர்பு ஏதாவது?

கொஞ்சம் உண்டு. சாட்சிகளை விசாரித்த உளவுத்துறைக் குழுவில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி உறுப்பினர். நீதித்துறைக் குழுவில் சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால். செனட்டில் ஓட்டுப் போட்டவர்களில் கமலா ஹாரிஸ்.

தேர்தலில் யாருக்கு லாபம்?

சொல்வது கஷ்டம். சில வாரங்களில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கார்ட்னரும் மெக்சாலியும் தோற்றார்கள். டிரம்ப் பெரிய பாடம் கற்றுக்கொண்டிருப்பார் என்று சொல்லி விடுவித்த காலின்ஸ் ஜெயித்தார். தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்து, சாட்சி சொன்ன ராணுவ அதிகாரி அலெக்ஸாண்டர் விண்ட்மன் வெள்ளை மாளிகையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

ஒரு முறை விடுவித்தவரை மறுபடி இம்பீச் செய்யலாமா?

புதுக் குற்றச்சாட்டு இருந்தால் செய்யலாம், செய்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடந்த தாக்குதலை அடுத்து 2021 ஜனவரி 13 அன்று 232-197. இம்முறை குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர் ஆதரித்தார்கள். டிரம்ப் பதவியில் இருக்கும்வரை விசாரணையை ஆரம்பிக்க முடியாது என்றார் மெக்கானல். பதவி முடிந்த பிறகு, பதவியில் இல்லாதவரை விசாரிக்கச் செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி விடுவிக்க ஓட்டுப் போட்டார். ஓட்டுப் போட்ட கையோடு, நடந்ததற்கு டிரம்ப்தான் பொறுப்பு என்று பேசினார். முடிவு 57-43, பத்து ஓட்டு குறைவு. பிரதிநிதிகள் சபையில் ஆதரித்த அந்தப் பத்துப் பேரில் 2022 தேர்தலுக்குப் பின் சபையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: டான் நியூஹவுஸ், டேவிட் வலடாவோ.